எட்டுக் கால் சிப்

2024 தீபாவளி முடிந்த வாரம் பொள்ளாச்சியிலிருந்து அக்கா மகன் கூப்பிட்டான். கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுப்பது அவன் தொழில். முகூர்த்த காலம். மூன்று வீட்டுக் கல்யாணம் கையில் இருந்தது. அந்த வேலைக்கென்றே போன வருஷம் இன்டெல் 13ஆம் தலைமுறை ஐ7 பிராசஸர் போட்டு ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்திருந்தான்.

"மாமா, புது பயாஸ் வந்திருக்குது, அப்டேட் பண்ணுங்கன்னு சிஸ்டத்துல மெசேஜ் வந்துட்டே இருக்குதுங்க. போட்டறட்டுங்களா?"

"இப்ப ஏதாச்சும் தொந்தரவு குடுக்குதா?"

"ஒண்ணும் இல்லீங்க மாமா, நல்லாத்தான் ஓடுது. கடைக்காரர்கிட்டக் கேட்டேன். ஓடுற வண்டியில எதுக்குக் கை வைக்கிறே, அதையெல்லாம் தொடாதேன்னுட்டாருங்க."

"சரி கண்ணு. ராத்திரி பேசறேன், அதுவரைக்கும் ஒண்ணும் பண்ணாதே."

கடைக்காரர் சொன்னதில் அனுபவம் இருக்கிறது. பயாஸ் அப்டேட் பாதியில் நின்று செத்துப்போன மதர்போர்டுகள் அவர் மேஜைக்கு வந்திருக்கும். பெரும்பாலான கம்ப்யூட்டர்களுக்கு நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் அவன் வைத்திருந்த பிராசஸருக்கு அந்தப் புத்தி பொருந்தாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. அதை விளக்க, மதர்போர்டின் ஒரு மூலையில் இருக்கும் சின்னச் சிப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். பெரிய விசிறிக்கு அடியில் பிராசஸர், அதன் பக்கத்தில் நீளநீளமாக ரேம், கீழே கிராபிக்ஸ் கார்டு. இவற்றுக்கு நடுவே எங்காவது, புளியங்கொட்டையில் பாதி அளவுக்கு ஒரு கறுப்புச் சதுரம் இருக்கும். இந்தப் பக்கம் நான்கு கால், அந்தப் பக்கம் நான்கு கால். விலை என்று பார்த்தால் அந்தப் போர்டிலேயே மலிவான பொருட்களில் ஒன்று. மற்ற எல்லாம் கண் விழிப்பது இதை வாசித்துத்தான்.

பவர் பட்டனை அழுத்தும் கணத்தில் பிராசஸருக்கு ஒன்றும் தெரியாது. ரேம் எவ்வளவு இருக்கிறது, ஹார்டு டிஸ்க் எங்கே இருக்கிறது, திரை என்று ஒன்று உண்டா, எதுவும் தெரியாது. அதற்குள் பிறப்பிலேயே பதிந்திருப்பது ஒரே ஒரு விஷயம்: முதல் கட்டளையை எந்த முகவரியில் போய் எடுப்பது என்பது. 1981 ஆகஸ்டில் வந்த ஐபிஎம் பிசியில் அந்த முகவரி 1 எம்பி எல்லைக்கு 16 பைட் கீழே இருந்தது. அதன் வழிவந்த இன்டெல் பிராசஸர்களில் இன்று அது 4 ஜிபி எல்லைக்கு 16 பைட் கீழே இருக்கிறது. 16 பைட்டுக்குள் பெரிதாக ஒன்றும் எழுத முடியாது. "இன்ன இடத்துக்குத் தாவு" என்ற ஒரு கட்டளை இருக்கும், அவ்வளவுதான். அந்த முகவரியைத் தேடிப் போகும் மின்பாதை நம் எட்டுக் கால் சிப்பில் போய் முடிகிறது.

அடுத்து நடப்பது எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது. ரேம் இன்னும் வேலை செய்யும் நிலையில் இல்லை. அதை எழுப்புவதற்கான புரோகிராம் ஓடவும் கொஞ்சம் நினைவகம் வேண்டும். அதனால் இன்டெல் பிராசஸர் தனக்குள் இருக்கும் கேஷ் என்னும் சிறு நினைவகத்தையே சற்று நேரத்துக்கு ரேமாகப் பாவித்துக்கொள்கிறது. அந்தச் சிறு திண்ணையில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு ரேம் கம்பியிலும் சிக்னல் எவ்வளவு முன்பின்னாக வருகிறது என்று அளந்து சரிசெய்கிறது. இதற்கு மெமரி டிரெய்னிங் என்று பெயர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பொள்ளாச்சிக் கதையில் மறுபடி வரும்.

அந்தச் சிப்பில் இருந்து கம்ப்யூட்டரை எழுப்பும் இந்தப் புரோகிராமைத்தான் பயாஸ் என்கிறோம். அந்தப் பெயர் ஐபிஎம்முக்கும் முந்தியது. 1970களின் நடுவில் கேரி கில்டால் தம்முடைய சிபி/எம் இயங்குதளத்தில், எந்திரத்துக்கு எந்திரம் மாறும் பகுதியை மட்டும் தனியே பிரித்து அதற்கு வைத்த பெயர் அது. ஐபிஎம் பிசியில் பயாஸின் அளவு 8 கேபி. அது ரோம் சிப்பில் தொழிற்சாலையிலேயே பொறிக்கப்பட்டு வந்தது. மாற்ற வேண்டுமானால் சிப்பையே பிடுங்கி வேறு சிப் செருக வேண்டும். 1971இல் இன்டெலில் டோவ் ஃப்ரோமன் உருவாக்கிய ஈப்ரோம் இன்னொரு வழி காட்டியது. அந்தச் சிப்பின் முதுகில் ஒரு குவார்ட்ஸ் கண்ணாடி சன்னல் இருக்கும். அதன் வழியாகப் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினால் உள்ளே இருப்பது அழியும், பிறகு புதிதாக எழுதலாம். வெளிச்சம் படாமல் இருக்கச் சன்னலின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். 1980களில் தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா உருவாக்கிய ஃப்ளாஷ் நினைவகம் பரவிய பிறகு, பயாஸ் சிப்பைப் போர்டிலிருந்து எடுக்காமல் மின்சாரத்தாலேயே அழித்து எழுதுவது வழக்கமாயிற்று. கேமரா ஃப்ளாஷ் மாதிரி ஒரே வீச்சில் அழிகிறது என்று அவருடன் வேலை பார்த்தவர் சொன்னதிலிருந்து அந்தப் பெயர் நிலைத்தது.

இன்றைய போர்டுகளில் இருப்பது பழைய பயாஸ் அல்ல, யூஇஎஃப்ஐ என்னும் புதிய அமைப்பு. 2005இல் பல நிறுவனங்கள் சேர்ந்து அதற்கென்று ஒரு மன்றமே அமைத்தன. ஆனாலும் கடைத்தெருவில் பயாஸ் என்றே பெயர் நின்றுவிட்டது, நானும் அப்படியே எழுதுகிறேன். அளவு 16 எம்பி, பல போர்டுகளில் 32 எம்பி. 8 கேபியோடு ஒப்பிட்டால் 16 எம்பி என்பது 2048 மடங்கு.

ஃப்ளாஷ் சிப்பில் எழுதுவதற்கும் அழிப்பதற்கும் இடையே ஓர் ஏற்றத்தாழ்வு இருக்கிறது. பயாஸ் அப்டேட்டின் ஆபத்தெல்லாம் அதிலிருந்துதான் பிறக்கிறது. ஒவ்வொரு பிட்டும் ஒரு டிரான்சிஸ்டர். அதற்குள் நாலாபுறமும் காப்பிடப்பட்ட ஒரு குட்டி அறை. அந்த அறையில் எலெக்ட்ரான்களை அடைத்தால் 0, காலி செய்தால் 1. அடைப்பதை ஒவ்வொரு பிட்டாகப் பார்த்துச் செய்யலாம். காலி செய்வதை அப்படிச் செய்ய முடியாது. எலெக்ட்ரான்களை வெளியே இழுக்கும் மின்னழுத்தம் பல ஆயிரம் பிட்டுகளுக்கும் பொதுவான அடித்தளத்தில் கொடுக்கப்படுவதால், ஒரு பகுதி முழுவதும் சேர்ந்தே காலியாகும். பொதுவாக அந்தப் பகுதியின் குறைந்த அளவு 4 கேபி. சிலேட்டில் எழுத்தெழுத்தாக எழுதலாம், அழிக்கும்போது மட்டும் ஈரத்துணியால் ஒரு வரிசை முழுவதையும் துடைத்தாக வேண்டும் என்று இருந்தால் எப்படியோ, அப்படி.

ஆகவே புதிய பயாஸை எழுதும் முன் பழையதைத் துடைக்க வேண்டும். 16 எம்பி சிப்பில் 64 கேபி கட்டங்கள் 256. ஒரு கட்டத்தைத் துடைக்க சுமார் 150 மில்லிசெகண்ட் என்று வைத்தால் மொத்தம் 38 விநாடி. எழுதுவது 256 பைட் பக்கங்களாக. அப்படி 65,536 பக்கங்கள், ஒவ்வொன்றுக்கும் அரை மில்லிசெகண்ட் அளவில் கொடுத்தால் இன்னொரு அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். எழுதியது சரியா என்று திரும்ப வாசித்துப் பார்க்கும் நேரத்தையும் கூட்டினால் ஒன்றிரண்டு நிமிடம். திரையில் அந்தச் சதவீதக் கோடு மெல்ல நகர்வதற்கு இதுதான் காரணம்.

அந்த ஒன்றிரண்டு நிமிடமும் சிப்பில் முழுமையான பயாஸ் கிடையாது. பழையது போய்விட்டது, புதியது வந்து சேரவில்லை. பிறகு கம்ப்யூட்டர் எப்படி ஓடிக்கொண்டிருக்கிறது? கிளம்பும்போதே வேண்டியதையெல்லாம் ரேமுக்கு ஏற்றிக்கொண்டுவிட்டது. எழுதும் புரோகிராமும் ரேமிலிருந்துதான் ஓடுகிறது. அடுத்த முறை பவர் போடும்போதுதான் சிப்பின் தயவு வேண்டும்.

இதிலிருந்து கிடைக்கும் ஒரு பயன், எவ்வளவோ போர்டுகளைக் காப்பாற்றக்கூடியது. அப்டேட் ஏதோ பிழை சொல்லி நின்றுவிட்டது, ஆனால் கம்ப்யூட்டர் இன்னும் அணையவில்லை என்றால், பதறிப்போய் ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். அந்த நிமிடத்தில் ரேமில் இருக்கும் நகல்தான் உங்களிடம் இருக்கும் ஒரே பயாஸ். கரண்ட் இருக்கும்வரை மறுபடி எழுதிப் பார்க்கலாம். அணைத்துவிட்டால் அந்த வழி அடைபட்டுப் போகும்.

சிப்பில் இருப்பதை யாரும் எழுதி மாற்றலாம் என்ற வசதியின் மறுபக்கத்தை உலகம் 1999 ஏப்ரல் 26இல் பார்த்தது. தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் எழுதிய சிஐஎச் வைரஸ் அன்று விழித்துக்கொண்டது. செர்னோபில் விபத்தின் நினைவு நாள் என்பதால் அந்தப் பெயராலும் அதை அழைத்தார்கள். ஹார்டு டிஸ்க்கின் தொடக்கப் பகுதியை அழித்ததோடு, இடம் கொடுத்த போர்டுகளில் பயாஸ் சிப்பிலும் குப்பையை எழுதியது. தென் கொரியாவிலும் துருக்கியிலும் ஏராளமான கம்ப்யூட்டர்கள் அன்று முடங்கின. அதற்குப் பிறகு சிப்புக்கு எழுது-தடைகளும், நிறுவனத்தின் டிஜிட்டல் கையெழுத்து இல்லாத ஃபைலை ஏற்காத ஏற்பாடுகளும் மெல்ல மெல்ல வந்தன. அப்படியும் 2017 டிசம்பரில், உபுண்டு 17.10 இயங்குதளத்தில் சேர்ந்துவிட்ட ஒரு டிரைவர் சில லேப்டாப்களின் பயாஸ் சிப்பைக் குழப்பி, செட்டிங்ஸ் மாற்றினாலும் சேமிக்க முடியாத நிலைக்குத் தள்ளியது. உபுண்டு அந்தப் பதிப்பின் டவுன்லோடையே சில வாரம் நிறுத்தி வைத்தது.

பாதியில் நின்ற சிப் எப்படி இருக்கும் என்பதை நான் சென்னை ரிச்சி தெருவில் ஒரு மாடிக் கடையில் நேரில் பார்த்திருக்கிறேன். வெளியே "சிப் லெவல் சர்வீஸ்" என்று எழுதியிருந்தது. கல்லூரி மாணவர் ஒருவர் போர்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அப்டேட் ஓடும்போது கரண்ட் போய்விட்டது. அதற்குப் பிறகு விசிறி சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை.

மேஜையில் இருந்த இளைஞர் விளக்கைத் தாழ்த்தி, சிப்பின் மேல் இருந்த எழுத்தை லென்ஸ் வைத்துப் படித்தார். 3.3 வோல்ட்டா, 1.8 வோல்ட்டா என்று பார்க்கிறேன் என்றார். மாற்றிக் கொடுத்தால் சிப் வெந்துவிடும். பிறகு ஃப்ளக்ஸ் தடவி, ஹாட் ஏர் காட்டி, சிமிட்டாவால் சிப்பைத் தூக்கிப் புரோகிராமரில் வைத்தார். உள்ளே இருப்பதை ஒருமுறை வாசித்துச் சேமித்தார். உடனே இன்னொரு முறையும் வாசித்தார்.

"எதுக்கு ரெண்டு தடவை?" என்று கேட்டேன்.

"காண்டாக்ட் சரியில்லைன்னா தப்பா ரீட் ஆகும் சார். ரெண்டும் ஒண்ணா வந்தாத்தான் நான் நம்புவேன்."

இரண்டும் ஒன்றாக வந்தன. திரையில் அதைத் திறந்து காட்டினார். மேலே கொஞ்ச தூரம் எழுத்தும் எண்ணும் கலந்து நெருக்கமாக ஓடியது. பிறகு சட்டென்று எஃப்எஃப், எஃப்எஃப், எஃப்எஃப் என்று பக்கம் பக்கமாக அதே எழுத்து. எட்டு பிட்டும் 1 ஆக இருந்தால் பதினாறடிமான எண்முறையில் அப்படித்தான் தெரியும். துடைத்து முடித்து, எழுதும் கை வந்து சேராத இடம். "இங்கதான் சார் கரண்ட் போயிருக்கு" என்று விரலால் தொட்டுக் காட்டினார்.

பழைய வாசிப்பை அவர் தூக்கிப் போடவில்லை. அந்தப் போர்டுக்கே உரிய நெட்வொர்க் முகவரியும் சீரியல் எண்ணும் அதில் தப்பியிருந்தன. அவற்றை எடுத்து, நிறுவனம் வெளியிட்ட ஃபைலில் அதே இடத்தில் பொருத்தி, பிறகுதான் எழுதினார். சிப்பைத் திரும்பப் பற்றவைத்துப் பவர் கொடுத்ததும் திரையில் நிறுவனத்தின் லோகோ வந்தது. மாணவரின் முகத்தைப் பார்க்க நன்றாக இருந்தது. ஆக, போர்டு செத்துவிட்டது என்று நாம் சொல்வதெல்லாம் சாவு அல்ல. எலெக்ட்ரான்கள் இருக்க வேண்டிய அறைகளில் இல்லை, அவ்வளவே. ஆனால் அவற்றைத் திருப்பி வைக்க ஹாட் ஏரும், புரோகிராமரும், நடுங்காத கையும் வேண்டும். அவை பக்கத்தில் இல்லாத ஊரில் அது சாவுக்குச் சமானம்தான்.

அப்டேட்டைப் பற்றி யோசிக்கும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்: கெட்டுப்போனால் இந்தப் போர்டு எந்த வழியில் திரும்பி வரும்? சில போர்டுகளில் இரண்டு சிப் இருக்கும். கிகாபைட் நிறுவனம் டூயல்பயாஸ் என்று பெயரிட்டு இதைப் பிரபலப்படுத்தியது. ஒன்று கெட்டால் இன்னொன்று கைகொடுக்கும். இன்னும் நல்ல ஏற்பாடு, போர்டின் பின்பக்கம் யுஎஸ்பி துளைகளுக்கு அருகில் இருக்கும் ஒரு சின்னப் பட்டன். அசுஸில் பயாஸ் ஃப்ளாஷ்பேக், எம்எஸ்ஐயில் ஃப்ளாஷ் பயாஸ் பட்டன், கிகாபைட்டில் க்யூ-ஃப்ளாஷ் பிளஸ் என்று பெயர்கள். பிராசஸர் வேண்டாம், ரேம் வேண்டாம், எஸ்எம்பிஎஸ் கொடுக்கும் கரண்ட் போதும். போர்டில் தனியாக இருக்கும் ஒரு சிறு கன்ட்ரோலர் பென் டிரைவில் உள்ள ஃபைலை வாசித்துச் சிப்பில் எழுதிவிடும். பென் டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்க வேண்டும், ஃபைலுக்கு மேனுவலில் சொன்ன பெயரை எழுத்துப் பிசகாமல் வைக்க வேண்டும், குறித்த யுஎஸ்பி துளையில்தான் செருக வேண்டும். இந்தப் பட்டன் இருக்கும் போர்டில் அப்டேட் செய்வதும், இல்லாத போர்டில் செய்வதும் ஒன்றல்ல. பல லேப்டாப்களில் இப்படி ஒரு பட்டன் கிடையாது. அதனால் லேப்டாப் என்றால் நான் இன்னும் தயங்குவேன்.

இந்தப் பட்டன் பரவலானதற்கு ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 2017 மார்ச்சில் அதன் முதல் ரைசன் பிராசஸர் வந்தது. அதே சாக்கெட்டில் அடுத்தடுத்த தலைமுறைகளும் பொருந்தின. பொருந்தினாலும், பழைய போர்டின் பயாஸுக்குப் புதிய பிராசஸர் யாரென்று தெரியாது. அப்டேட் செய்தால்தான் பிராசஸர் ஓடும், பிராசஸர் ஓடினால்தான் அப்டேட் செய்ய முடியும். 2018இல் ஏஎம்டியே இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு பழைய பிராசஸரை இரவலாக அனுப்பி, வேலை முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொண்டது. சிப்பின் அளவும் இடித்தது. இத்தனை தலைமுறைக்கான குறிப்புகளை 16 எம்பிக்குள் அடக்க முடியாமல் சில போர்டுகளில் பழைய பிராசஸர்களுக்கான ஆதரவை நீக்கினார்கள், சிலவற்றில் பயாஸின் அழகான திரைகளைக் கழற்றி எளிமையாக்கினார்கள். எம்எஸ்ஐ 2019இல் 32 எம்பி சிப் வைத்து மேக்ஸ் என்ற பெயரில் அதே போர்டுகளை மறுபடி வெளியிட்டது. 2020 மே மாதம், அடுத்து வரும் ஜென் 3 பிராசஸர்கள் 400 வரிசைப் போர்டுகளில் ஓடாது என்று ஏஎம்டி அறிவித்ததற்கும் சிப்பின் இடப் பற்றாக்குறையைக் காரணமாகச் சொன்னது. வாங்கியவர்கள் கொதித்தெழுந்தார்கள். அதே மாதமே முடிவு மாறியது. அந்தப் போர்டுகளை வைத்திருப்பவர்கள், புதிய பயாஸ் போட்டபின் தங்கள் பழைய பிராசஸர் அதில் ஓடுமா என்று பட்டியலைப் பார்க்காமல் கை வைக்கக் கூடாது. சில அப்டேட்டுகளுக்குத் திரும்பும் பாதையும் கிடையாது. பழைய பதிப்புக்கு இறங்க விடாமல் பூட்டியிருப்பார்கள், அதைக் குறிப்பிலேயே எழுதியும் இருப்பார்கள்.

திரும்பும் வழி இருக்கிறது என்று தெரிந்தபின் அடுத்த கேள்வி, எதற்காக? நிறுவனத்தின் குறிப்பில் "சிஸ்டம் ஸ்டெபிலிட்டி மேம்படுத்தப்பட்டது" என்று ஒற்றை வரி இருந்தால், உங்களுக்குத் தொந்தரவும் ஒன்றும் இல்லையென்றால், விட்டுவிடலாம். புதியது என்பது மட்டும் காரணம் ஆகாது. 2018 ஜனவரி இதை நன்றாகக் காட்டியது. அந்த மாதம் 3ஆம் தேதி ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற பிராசஸர் ஓட்டைகள் அம்பலமாயின. உலகமே பதறியது. பிராசஸருக்குள் ஓடும் உள்நிரலுக்கு மைக்ரோகோட் என்று பெயர். இன்டெல் அவசரமாகத் திருத்திய மைக்ரோகோடைப் பயாஸ் அப்டேட்டாக நிறுவனங்கள் வெளியிட்டன. பொறுப்புள்ளவர்கள் உடனே போட்டார்கள். அந்த மைக்ரோகோட் ஹாஸ்வெல், பிராட்வெல் எனப்படும் 4ஆம், 5ஆம் தலைமுறைக் கம்ப்யூட்டர்களைச் சொல்லாமல் கொள்ளாமல் ரீஸ்டார்ட் ஆக வைத்தது. 22ஆம் தேதி இன்டெலே, அதைப் போடுவதை நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டது. சரியான திருத்தம் பிறகு வந்தது. அன்று ஒரு மாதம் பொறுத்தவர்கள் பிழைத்தார்கள்.

ஆனால் 2024இல் பொறுத்தவர்கள் இழந்தார்கள். இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் பல, மாதங்கள் செல்லச் செல்லத் தடுமாறத் தொடங்கின. கேம் பாதியில் மூடிக்கொள்ளும், ஜிப் ஃபைலைப் பிரித்தால் பிழை வரும், கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்று சம்பந்தமில்லாத செய்தி வரும். கிராபிக்ஸ் கார்டை மாற்றினார்கள், ரேமை மாற்றினார்கள், குற்றவாளி அகப்படவில்லை. 2024 ஜூலையில் இன்டெல் காரணத்தைச் சொன்னது. மைக்ரோகோடில் இருந்த பிழையால் பிராசஸர் தனக்கு வேண்டியதைவிட அதிக மின்னழுத்தத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தது. கோர்களுக்குள் கடிகாரத் துடிப்பைக் கொண்டுசெல்லும் ஒரு சுற்று அந்த அழுத்தத்திலும் சூட்டிலும் சீக்கிரமே மூப்படைந்தது. ஆகஸ்டில் வந்த 0எக்ஸ்129 மைக்ரோகோட் 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்பதைத் தடுத்தது. செப்டம்பரில் இன்னொரு திருத்தம் வந்தது. இவை பயாஸ் அப்டேட் வழியாகவே வந்தன. வாரன்டியையும் இன்டெல் இரண்டு வருடம் நீட்டியது. தேய்ந்துபோன பிராசஸரை எந்த மைக்ரோகோடாலும் மீட்க முடியாது, மாற்றித்தான் வாங்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டது.

"நல்லாத்தான் ஓடுது" என்பது இந்த ஒரு விஷயத்தில் ஆறுதல் தரும் சொல் அல்ல. நன்றாக ஓடும்போதுதான் அப்டேட்டால் பயன். தடுமாறத் தொடங்கியபின் போடுவது, கூரை ஒழுகி நெல் நனைந்தபின் ஓடு மாற்றுவது போல. கடைக்காரர் வாதத்தில் நான் முரண்பட்ட இடம் இதுதான். அவர் அப்டேட்டின் ஆபத்தை மட்டும் எண்ணினார். அப்டேட் போடாததற்கும் ஒரு விலை உண்டு, அது கண்ணுக்குத் தெரியாமல் தினமும் ஏறிக்கொண்டிருக்கும் என்பதை எண்ணவில்லை. பாதுகாப்பு ஓட்டைகளும் இந்த வகையில் சேரும். 2023 டிசம்பரில் பைனார்லி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் லோகோஃபெயில் என்ற ஓட்டையை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டர் கிளம்பும்போது தெரியும் அந்த நிறுவன லோகோ, ஒரு படம். அந்தப் படத்தை விரித்துக் காட்டும் பயாஸ் நிரலில் இருந்த பிழைகளின் வழியே, விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே கெட்ட நிரலை ஓட்ட முடிந்தது. விண்டோஸை அழித்து மறுபடி போட்டாலும் அந்த ஓட்டை அங்கேயே இருக்கும். திருத்தம் பயாஸ் அப்டேட்டாகத்தான் வர வேண்டும்.

அன்று ராத்திரி அவனிடம் பேசினேன். போட வேண்டும், ஆனால் இன்றைக்கு இல்லை என்றேன். முதலில் மூன்று கல்யாணமும் வேறொரு ஹார்டு டிஸ்க்கில் நகலாக வேண்டும். பயாஸ் மாறினால் டிபிஎம் என்னும் பாதுகாப்பு அமைப்பு, தான் பதிந்துவைத்த அளவுகள் மாறியதைப் பார்த்து, பிட்லாக்கர் என்னும் விண்டோஸ் பூட்டுப் போட்ட டிஸ்க்கைத் திறக்க 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். அந்த எண் தாளில் எழுதி மேஜையில் இருக்க வேண்டும், பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தியும் வைக்க வேண்டும். பயாஸ் திரைகள் ஒவ்வொன்றையும் போனில் படம் எடுக்கச் சொன்னேன். அப்டேட்டுக்குப் பின் செட்டிங்ஸ் பெரும்பாலும் ஆதிநிலைக்குப் போய்விடும். டிஸ்க் இணைப்பு முறை ரெய்டிலிருந்து மாறிவிட்டால் விண்டோஸ் எழும்பாது, டிஸ்க்கே போய்விட்டது என்று ஆட்கள் அழுவார்கள். போர்டின் மாடல் பெயரை எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொன்னேன். பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் அது வேறு போர்டு. அதே பெயரிலும், ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சான ரிவிஷன் எண் மாறினால் ஃபைல் மாறலாம். அவன் டார்ச் அடித்துத் தேடி, 1.1 என்று படித்தான். பின்பக்கம் அந்தப் பட்டன் இருந்தது. எனக்குப் பாதி கவலை போயிற்று.

"யுபிஎஸ் இருக்குதா?"

"இருக்குதுங்க மாமா."

"சுவத்து ஸ்விட்ச ஆஃப் பண்ணு பாப்போம்."

கீச் கீச்சென்று சத்தம் போனில் கேட்டது. பத்து விநாடி இருக்கும். பிறகு எல்லாம் அமைதி. கம்ப்யூட்டரும் அணைந்துவிட்டது. பேட்டரி எப்போதோ செத்துப்போய், யுபிஎஸ் வெறும் பச்சை விளக்கோடு நின்றிருக்கிறது. மழைக்காலம் வேறு, அந்தப் பக்கம் தென்னை மட்டை கம்பியில் விழுந்தாலே கரண்ட் போகும். மறுநாள் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி ஒன்று வாங்கிப் போட்டு, ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏற்றினான். அதற்கடுத்த நாள் சுவர் ஸ்விட்சை அணைத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தபின் தொடங்கினோம்.

விண்டோஸுக்குள்ளிருந்து செய்ய வேண்டாம் என்றேன். அங்கே ஆன்ட்டிவைரஸும் வேறு ஆயிரம் வேலைகளும் ஓடும். நிறுவனத்தின் பக்கத்திலிருந்து ஃபைலை இறக்கி, பென் டிரைவில் போட்டு, பயாஸுக்குள் இருக்கும் அப்டேட் வசதியிலேயே செய்யலாம். அதற்கு முன் செட்டிங்ஸை ஆதிநிலைக்குக் கொண்டுவந்து, ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பியையும் அணைக்க வேண்டும். எழுதப்போகும் ஃபைல் ரேம் வழியாகத்தான் போகிறது, அந்த நேரத்தில் ரேம் நிதானமாக இருப்பது நல்லது. ஒவ்வொன்றையும் செய்து, செய்ததைச் சொன்னான். கோடு நகரத் தொடங்கியது. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகச் சொன்னான். நூறு வந்தது. தானாகவே அணைந்து எழுந்தது. மறுபடி அணைந்தது, மறுபடி எழுந்தது. பிறகு விசிறிச் சத்தம் மட்டும்.

"மாமா, டிஸ்ப்ளே வரலீங்க."

"இருக்கட்டும்."

"விசிறி சுத்துது. லைட் எரியுது. ஒண்ணும் வரல."

"ரேமை மறுபடி முதல்லேர்ந்து அளந்து பாக்குதுடா. முந்தி அளந்து வெச்சதெல்லாம் அழிஞ்சு போச்சில்ல. டிடிஆர்5, ரெண்டு பெரிய ரேம் போட்டிருக்கே. நேரம் ஆகும். பவர் பட்டன் பக்கம் கைய கொண்டுபோகாதே."

ஒரு நிமிடம் ஆனது. இரண்டு நிமிடம் ஆனது. அக்கா பின்னால் வந்து என்ன ஆச்சு என்று கேட்பதும், அவன் ஸ்ஸ் என்று அடக்குவதும் கேட்டது. மூன்றாவது நிமிடத்தில் விசிறியின் சத்தம் ஏறி இறங்கியது.

"வந்துருச்சுங்க மாமா. லோகோ வந்துருச்சு."

"மைக்ரோகோட் எவ்வளவுன்னு முதல் திரையில இருக்கும், படி."

படித்தான். செப்டம்பர் திருத்தம்தான். படங்களைப் பார்த்துப் பார்த்துச் செட்டிங்ஸை ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தான், எக்ஸ்எம்பியைக் கடைசியில். பிட்லாக்கர் எண் கேட்கவில்லை. முகூர்த்தக்கால் நடும் காட்சியிலிருந்து பாதியில் விட்டிருந்த எடிட்டைத் திறந்து, வெளியீட்டுக்குப் போட்டுவிட்டு, சாப்பிடப் போகிறேன் என்றான்.